முனுசாமி அண்ணன் விற்ற பெயர்

செய்தி எனக்கு ஓர் ஆர்டராகத்தான் வந்தது. தருமபுரியில் பேனர் அடிப்பதும் பெயர்ப்பலகை செய்வதும் என் தொழில். முனுசாமி அண்ணனின் மகள் செல்வி போனில், "அண்ணா, அப்பா போயிட்டாருங்க. கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்ணு வேணும்" என்றாள்.

'முனுசாமி மெஸ்'ஸில் அவர் கையால் நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரூர் சாலையில் எவனோ அதே பெயரில் கடை போட்டபோது, தன் பெயரையும் தோளில் துண்டு போட்ட முகத்தையும் டிரேட்மார்க்காகப் பதிவு செய்தார். படம் வரைந்தது நான்தான். "இனி என் மூஞ்சிய எவனும் திருட முடியாது தம்பி" என்று சிரித்தார்.

முழங்கால் விட்டுப்போனதால் கடையை வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். டிரேட்மார்க் பதிவு செய்து கொடுத்த வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார்: "பேரை வாடகைக்கு விடுங்க, விக்காதீங்க."

"கடையே போனப்புறம் பேரை வெச்சு என்னங்க பண்றது?" என்று பெயர், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சும்மா இருக்க அவரால் முடியவில்லை. நல்லம்பள்ளியில் சின்னதாக ஒரு கடை போட்டார். அவர் பெயரைப் பெரிதாக எழுதி நான் பலகை மாட்டினேன். கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. சொந்தப் பெயரை அண்ணனே ஏணியில் ஏறிக் கழற்றினார். "சாப்பாடு தயார்னு மட்டும் எழுது தம்பி. அதுக்கு எவனும் நோட்டீஸ் அனுப்ப மாட்டான்."

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அண்ணனும் நானும் பஸ்ஸில் போனபோது, கம்பெனி நடத்தும் மெஸ்ஸில் சாப்பிட்ட ஒருவர், "உங்க மூஞ்சியப் பாத்துத்தானே உள்ள போனோம்? குழம்பு ஊசிப்போயிருக்குது" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். கடையை விற்றுவிட்டேன் என்று அண்ணன் சொல்லவே இல்லை. "மன்னிச்சுக்கோங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்ணே?" என்றேன்.

"மூஞ்சி என்னுதுதானே தம்பி."

அஞ்சலி பேனரைப் பழைய மெஸ்ஸுக்கு எதிரே கட்டினோம். சாலைக்கு அந்தப் பக்கம் கடைப் பலகையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஓடிவந்தார். "கழட்டிடுங்க. கஸ்டமருங்க கடையை மூடிட்டோம்னு நினைக்கறாங்க. அந்தப் பேரும் படமும் எங்களுது."

செல்வி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "பேரை வித்தாரு, மூஞ்சிய வித்தாரு. சாவையுமா எழுதிக் குடுத்தாரு?"

மேனேஜர் திரும்பிப் போனார்.

'சாப்பாடு தயார்' பலகையைச் செல்வி எனக்குக் கொடுத்துவிட்டாள். என் கடையில் மாட்டியிருக்கிறேன். இது யார் கடைப் பலகை என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதில் எழுத முடியாமல் போன பெயரை நான் சத்தமாகச் சொல்கிறேன்.