போர்டு இல்லாத ஓட்டல்

எங்கள் சித்தப்பாவின் வாய்க்கு இரண்டே வேலை. ஒன்று சாப்பிடுவது, மற்றது சாப்பிட்டதைச் சொல்வது. இரண்டாவதில்தான் அவருக்குச் சுகம் அதிகம் என்பாள் அம்மா. உத்திரமேரூர் பஜாரில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தார். கடைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. போன ஊரில் பயிர் எப்படி என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார். ஓட்டல் எப்படி என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உரக்கடைக்கு எதிரே இருந்த தையல்கடையில் அவருடைய கூட்டாளிகள் கூடுவார்கள். தையற்காரர், ஆஸ்பத்திரி கம்பவுண்டர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர். நாலு பேருமே சரியான தின்னிப் பண்டாரங்கள். வந்தவாசியில் எந்தக் கடையில் வடை மொறுமொறுவென்று இருக்கிறது, செங்கல்பட்டில் எவன் சாம்பாரில் தண்ணீரைக் கலந்து விட்டான் என்று அலசிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒருவர் ஓர் ஓட்டலைச் சொன்னால் மற்றவர்கள் போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். சொன்னது பொய்யென்றால் சொன்னவருக்கு வாய்ப்பூட்டு. அதற்குப் பிறகு அவர் வெறுமனே கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்டக்டருக்கு அப்படிப் பூட்டு விழுந்து, அவர் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் எடுத்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு ஒருமுறையும் விழுந்ததில்லை. "அவரு சொன்னா கண்ண மூடிக்கினு போலாம்" என்பார்கள். காணி நிலமில்லாத, கல்யாணமும் ஆகாத அந்த மனுஷருக்கு அந்தப் பேர்தான் சொத்து.

எனக்கு அப்போது ஒன்பது வயது. துணி வெட்டிய துண்டு பொறுக்குகிற சாக்கில் நானும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். தின்பதில் நான் யாருக்கும் இளைத்தவளில்லை. அதனால் நானும் அந்தச் சபையில் ஓர் அங்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கம்பவுண்டர் ஒரு புது ஓட்டலைச் சொன்னார். "மாகறல் கோயிலத் தாண்டி ஆத்தோரமா போ. போர்டு கீர்டு ஒண்ணும் கெடையாது. கீத்துக் கொட்டாய். மத்தியானம் ஒரே பந்தி. குந்தினா கேள்வி கேக்காம எல போடுவான். ரசத்தக் குடிச்சிட்டு வந்து எங்கிட்ட பேசு."

ரசம் என்ற சொல்லே போதும், சித்தப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. வைகாசிக் கடைசி, பள்ளிக்கூடம் லீவு. நான் அழுது அடம்பிடித்து அவர் கூடவே பஸ் ஏறினேன்.

மாகறலில் இறங்கிக் கோயிலைத் தாண்டி நடந்தபோது உச்சி வேளை. செய்யாற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மணல் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. ஒரு காக்காய் கூடக் கத்தவில்லை. வழி கேட்க ஆளில்லை. கொஞ்ச தூரத்தில் மாந்தோப்புக்கு நடுவே தனியாக ஒரு வீடு தெரிந்தது. வாசலில் பச்சை மாறாத கீற்றுப் பந்தல். ஆண்களும் பெண்களுமாகக் கை கழுவிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். போர்டு இல்லை, கீற்றுக் கொட்டகை, ஒரே பந்தி. கம்பவுண்டர் சொன்னது அப்படியே இருக்கிறதே என்று சித்தப்பா எட்டி நடை போட்டார்.

உட்கார்ந்தோம். கேள்வி கேட்காமல் இலை போட்டார்கள். ஆனால் ஓட்டல் என்றால் ஒரு சத்தம் இருக்கும் அல்லவா? சாம்பார் கொண்டா, இன்னொரு சாதம் போடு என்று யாராவது கத்துவார்கள். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரிமாறுகிறவர் யார் முகத்தையும் பார்க்காமல் போட்டுக்கொண்டே போனார். போட்டதைத் தின்றார்கள். இன்னும் கொஞ்சம் என்று கேட்பவர் இல்லை. சித்தப்பா ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிக் கண்ணை மூடினார். "இன்னாமா வெச்சிக்கிறான் பாரு பாப்பா!" என்று என் காதோடுதான் சொன்னார். அது பந்தல் முழுக்கக் கேட்டது. இரண்டு மூன்று பேர் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அப்போதுதான் அந்த இலை என் கண்ணில் பட்டது. வீட்டு நடைக்கு உள்ளே, எரிகிற குத்துவிளக்குக்கு முன்னால், தலைவாழை இலை. அதில் அதிரசம், உளுந்து வடை, அவித்த முட்டை, அறுத்த மாம்பழம். பக்கத்தில் ஒரு கோலி சோடா. மடித்து வைத்த புதுப் பாவாடை, மஞ்சள் நிறம். அதன் மேல் கண்ணாடி வளையல்கள். இலைக்கு முன்னால் யாரும் இல்லை. பெரிய ஊர் ஓட்டல்களில் ஸ்பெஷல் சாப்பாடு என்று ஒன்று உண்டு என்று தையல்கடையில் கேட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு என்று போட்ட ஸ்பெஷல் போலிருக்கிறது, காலியாகத்தானே கிடக்கிறது என்று எழுந்து போய் அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

கரண்டிச் சத்தம் நின்றது. மெல்லுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் சித்தப்பா பாதி எழுந்த நிலையில் இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வாசலில் நின்ற ஒரு பெரியவர், அந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டும், சித்தப்பாவைப் பார்த்து உட்கார் என்று கையைக் காட்டினார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். என் அம்மா வயசுதான் இருக்கும். என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அப்புறம் என் முன்னால் உட்கார்ந்து, சூடு என் மேல் படாமல் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"சாப்புடு கண்ணு. ஒனுக்குத்தான் வெச்சிக்கீது."

சோடாவைக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்துக் கொடுத்தாள். நான் எதை எடுப்பது என்று தயங்கியபோது, "அதிரசத்ததானே மொதல்ல துன்னுவ?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜமாகவே நான் எங்கே போனாலும் இனிப்பைத்தான் முதலில் முடிப்பேன். அதற்காக அம்மாவிடம் வாங்கிய குட்டு கொஞ்சமில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்கப் பயமாக இருந்தது. தின்றேன். நான் மென்றபோதெல்லாம் அவள் வாயும் கூடவே அசைந்தது. கடைசியில் என் கையைப் பிடித்து அந்த வளையல்களைப் போட்டுவிட்டாள். அளவெடுத்தது போல ஏறின.

பந்தியில் எல்லோரும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்கள். நான் என் பக்கமாக மடித்தேன். அப்படி மடித்தால் சாப்பாடு பிரமாதம், மறுபடி வருவோம் என்று அர்த்தம் என்பது சித்தப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்கள். எவ்வளவு மரியாதை தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்னை அப்படி வளர்க்கவில்லையே! வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு கிழவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் சிரித்தாள்.

"வருவல்ல?"

"வருவேன்" என்றேன்.

யாரும் எங்களிடம் காசு கேட்கவில்லை. சித்தப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வழியில் ஒரு பம்புசெட்டுத் தொட்டி. என்னை உடுத்திய துணியோடு அதில் முக்கி எடுத்தார். தானும் முழுகினார். என் கையிலிருந்து வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நான் அலறித் தீர்த்தேன். பஸ்ஸில் ஏறின பிறகுதான் வாய் திறந்தார். "அம்மா கேட்டா தொட்டில வுழுந்துட்டேன்னு சொல்லு. வேற இன்னாவும் சொல்லாத."

அம்மாவிடம்தானே சொல்லக் கூடாது? ஞாயிற்றுக்கிழமை தையல்கடையில் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முட்டை, அதிரசம், சோடா, காசே வாங்காத ஓட்டல்! கம்பவுண்டர் தலையைச் சொறிந்தார். "அந்தக் கடைய சாத்திட்டான்னு நான் நேத்திதான் கேள்விப்பட்டேன். ஒரு மாசம் ஆவுதாம். நீங்க எங்க துன்னீங்க?" சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓட்டல்லதான்" என்றார். அப்படியானால் காட்டு என்று மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே கிளம்பினோம். நானும்தான். கோயிலைத் தாண்டியதும் சித்தப்பா வேறு பக்கம் திரும்பினார். ஆற்றங்கரையில் ஒற்றைப் பனைமரம் நின்ற பொட்டல் ஒன்றில் போய் நின்று, "இங்கதான்" என்றார். முள்ளும் ஆட்டுப் புழுக்கையும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"இங்க இல்ல சித்தப்பா, அந்தப் பக்கம்…"

என் கையை அவர் அழுத்திய அழுத்தில் எலும்பு வலித்தது. "இங்கதான் பாப்பா" என்றார். சாப்பாட்டு விஷயத்தில் பொய்யே சொல்லாத மனுஷர். அவர் இங்கேதான் என்றால் இங்கேதான். அப்படியானால் நான் பார்த்த பந்தல்? வீடு? எட்டிப் பார்த்தேன். தூரத்தில் மாமரங்களுக்கு நடுவே, கொடியில் மஞ்சளாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. சித்தப்பா நகர்ந்து வந்து அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். அந்த வெயிலில் எனக்குப் பல் கிட்டியது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டக்டர் கூப்பிட்டுக் கேட்டார். "ஓட்டலா? இந்தப் பொட்டல்ல ஏது ஓட்டலு?" என்று அவன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். கண்டக்டர் மெதுவாகச் சொன்னார், "உச்சி வேளைல ஆத்தோரமா காசு வாங்காம எவன்யா சோறு போடுவான்? இது பேய் ஓட்டலு." சித்தப்பா மறுப்பார் என்று எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "இருந்தாலும் இருக்கும்" என்றார் அவர்.

அன்றோடு அவர் பேர் போயிற்று. சட்டப்படி வாய்ப்பூட்டு விழுந்தது. எடுக்கச் சொல்லி அவர் கெஞ்சவும் இல்லை. பஜாரில் அவர் பேர் பேய் ஓட்டல்காரர் என்றானது. அவர் ஒரு கடையில் காப்பி நன்றாக இருக்கிறது என்றால், போட்டவனுக்குக் கால் தரையில் பாவுதா என்று கேட்டார்கள். அம்மா எனக்கு வேப்பிலை அடித்துக் கறுப்புக் கயிறு கட்டினாள். கயிறு என்ன செய்யும்? வருவேன் என்று பேய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். எத்தனையோ நாள் நடு மத்தியானத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது, பின்கட்டில் சோடா கோலி உருளுகிற சத்தம் கேட்டிருக்கிறது. பயத்தில் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் வைகாசிக் கடைசியில் சித்தப்பா ஒருநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டு வருவார். "இன்னா, அதே ஓட்டலா?" என்று தையல்கடையில் சீண்டுவார்கள். "அதே ஓட்டல்தான். ரசம் நல்லா இருந்திச்சி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி, மகளைப் பெற்றெடுத்துத் தாய்வீட்டில் இருந்தபோது, ஒருநாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சித்தப்பா சொன்னார். அந்த வீட்டுப் பெண் குழந்தை ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போயிருந்தாள். என் வயசு. நாங்கள் போனது முதல் வருஷப் படையலுக்கு.

"பின்ன ஏன் பேய்னு சொல்ல வுட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஓட்டலுன்னா இவனுங்க மூணு பேரும் அந்தம்மா வாசல்ல போயி குந்திக்குவானுங்க, அதிரசம் எப்படி சுட்டன்னு கேப்பானுங்க. பேய்னா ஒருத்தன் கிட்ட போவ மாட்டான்."

"வருஷா வருஷம் நீங்க எதுக்குப் போனீங்க?"

"நீதான் வரேன்னுட்டு வந்துட்டியே. எல போட்டுட்டு வழி பாத்துக்கினு இருந்தா? யாராச்சும் போயி ஒரு சாக்கு சொல்லணுமா இல்லியா? ஜொரம்னேன், ஊருக்குப் போயிருக்கான்னேன், பெரிய மனுஷி ஆயிட்டான்னேன்."

"என்னையே ஒருதரம் கூட்டிக்கினு போயிருக்கலாமே."

அவர் தொட்டிலை நிறுத்தினார். "வுட்டுருக்க மாட்டாம்மா" என்றார்.

போகும்போதெல்லாம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாளாம், இப்போது எவ்வளவு உயரம் ஆகிவிட்டாள் என்று. அவர் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டுவாராம். அடுத்த வருஷப் படையலில் அந்த உயரத்துக்குத் தைத்த பாவாடை இருக்குமாம். பாவாடை வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்து, எனக்குக் கல்யாணம் என்று சொன்ன வருஷம் புடவை ஆகிவிட்டதாம்.

அந்த நாட்களில் ஒவ்வொரு வைகாசிக் கடைசியிலும், புறப்படுகிற அன்று காலையில், சித்தப்பா என்னைக் கூப்பிட்டுத் தன் முன்னால் நிறுத்துவார். என் உச்சந்தலையில் கையை வைத்து அப்படியே தன் சட்டைக்குக் கொண்டுபோய் எந்தப் பொத்தான் என்று பார்ப்பார். விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷத்தை விடக் கூட ஒரு பொத்தான் ஏற வேண்டும் என்று, அவருக்குத் தெரியாமல் குதிகாலைத் தூக்கிக்கொள்வேன். அந்தப் பாவாடைகள் எல்லாமே ஒரு விரற்கடை நீளமாகத்தான் இருந்திருக்கும்.