டெலிவரி தேதி

என் வாயில் முன்னால் தெரியும் இரண்டு பற்கள் என்னுடையவை அல்ல. பஸ் டிப்போவில் ஜாக்கி கைப்பிடி நழுவி முகத்தில் அடித்ததில் என்னுடையவை போய்ச் சேர்ந்தன. இப்போது இருப்பவை என் மனைவி செய்தவை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்செட் செய்துகொடுக்கும் லேப்பில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. இந்த ஊரில் பாதிப்பேர் அவள் தயவில்தான் சிரிக்கிறார்கள், கடிக்கிறார்கள், பொய்யும் சொல்கிறார்கள்.

அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நடுவில் நான் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சுபாவம் அப்படி. அந்தச் சுபாவம்தான் இந்தக் கதையையே கெடுத்தது.

லேப் விட்டு வந்தால் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. குட்டிக் கார்கள் செய்வாள். நிஜக் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கினால் எவ்வளவு இருக்குமோ அந்த அளவு. ஒரு சாண்கூட வராது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை வாங்குவாள். ஆனால் பெட்டியில் இருக்கிற படத்தைப் போல் ஒருநாளும் செய்யமாட்டாள். நாலு கதவு வண்டியை அறுத்து இரண்டு கதவாக்குவாள். பல்லைப் பிடித்துக்கொள்ளும் எஃகுக் கம்பியை வளைத்து ஸ்டியரிங் செய்வாள். மெழுகு சீவும் கத்தியால் கதவு இடுக்கைக் கீறுவாள். நான் பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். ஆரம்பத்தில், "ஏம்மா, இதுல யாரு ஏறிப் போறது, எறும்பா?" என்று கேலி பண்ணுவேன். "எறும்புன்னா டிக்கெட் ஒழுங்கா எடுக்கும், உங்க பஸ் ஆளுங்க மாதிரி இல்ல" என்பாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

இப்படிக் கார் செய்கிறவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. பேப்பர் கடைக்கு மேலே ஒரே அறை. பெயிண்ட் வாடை, நீளமான மேசை, கண்ணாடி அலமாரி, இருபது ஆண்கள். என் மனைவி முதல்நாள் போனபோது, "பொண்ணுங்களுக்குப் பொம்மை கிளப் பக்கத்துத் தெருவுலம்மா" என்று ஒரு புண்ணியவான் சொன்னானாம். அவனை அந்த இடத்திலேயே அதட்டி, தன் பக்கத்தில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தவர் கிளப் தலைவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதை நீட்டினாலும் கண்ணருகே வைத்து, "ஒரு மைக்ரான் தப்பு" என்பார். அதனால் அவருக்கு மைக்ரான் என்றே பெயர். அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

அன்றிலிருந்து அவள் அவரை அண்ணன் என்பாள். எனக்கு அவர் மச்சான் ஆனார். ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில்தான் அவருக்கு டீ. டீயோடு ஒரே கதை. இளவட்டத்தில் அவரிடம் ஒரு நீல நிறக் கார் இருந்தது. இரண்டு கதவு. இடது விளக்கில் மயிரிழை விரிசல். டிரைவர் சீட்டில் சிகரெட் சுட்ட ஒரு பொட்டு. பின்பக்கத் தகட்டில் யாரோ மோதின சொட்டை. கல்யாணச் செலவுக்கு அதை விற்றுவிட்டார். "என்னைக்காவது அந்த நீலக்குட்டிய நான் செய்வேன் தங்கச்சி. அப்படியே, அந்தச் சொட்டையோட" என்பார். இந்த ஒன்பது வருஷத்தில் நானூறு தடவையாவது கேட்டிருப்பேன். நான் கொட்டாவி விடுவேன். அவள் மட்டும் புதுசாகக் கேட்பதுபோல் கேட்பாள்.

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அவள் அந்த நீலக் காரைச் செய்ய ஆரம்பித்தாள்.

"அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க" என்றாள்.

"ஏன், போட்டிக்கா?"

"பாக்கலாம்" என்றாள். கிளப் வருஷத்துக்கு ஒரு போட்டி வைக்கும். அதற்குத்தான் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். அவள் ஆமாம் என்று சொல்லவேயில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எட்டு மாதம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தாள் என்பார்களே, அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிழிந்த கையுறைத் தோலை மெலிதாகச் சீவி சீட் தைத்தாள். காய்ச்சிய ஊசியால் அந்தச் சிகரெட் பொட்டைச் சுட்டாள். இடது விளக்குக்கு நாலு கண்ணாடி வார்த்து நாலையும் தூக்கி எறிந்தாள், விரிசல் சரியாக வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை வாசல்மணி அடித்தால் வண்டி பரணுக்குப் போய்விடும். மேற்கூரையை ஒட்டுவதற்கு முன்னால் அதன் உள்பக்கத்தில் நகத்தளவு காகிதம் ஒன்றை வைத்து, பல்செட்டுக்கு ஊற்றும் கண்ணாடி போன்ற பிசினை மேலே ஊற்றி மூடினாள்.

"என்ன எழுதியிருக்க?"

"லேப் வழக்கம்."

பல்செட் செய்தாலும் உள்ளே அப்படி ஒரு சீட்டு வைப்பாள் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கூரையை ஒட்டிவிட்டாள். இனி உடைத்தால்தான் அதைப் பார்க்கமுடியும்.

கடைசிப் பூச்சு வேளையில் வீட்டிலிருந்த கம்பிரசர் மக்கர் பண்ணியது. வியாழக்கிழமை, மைக்ரான் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து கிளப்புக்குப் போய் அங்கிருந்த மெஷினில் பூச்சு அடித்து, காயவைக்கும் அலமாரியில் மூடி வைத்து, "ஈரம், தொடவேண்டாம்" என்று சீட்டு ஒட்டிவிட்டு வந்தாள். நாலு நாள் காயவேண்டும். இடையில் ஞாயிறன்று போட்டி. அதற்கு வேறெதையும் அவள் கொடுக்கவில்லை. நீலக் காரை அடுத்த வருஷப் போட்டிக்கு வைத்திருக்கிறாள் போலும் என்று நினைத்தேன். "சும்மா பாத்துட்டு, அப்படியே அலமாரியில எட்டிப் பாத்துட்டு வரலாம்" என்று என்னையும் கூட்டிப்போனாள்.

நீள மேசையில் ஏழாம் எண் இடத்தில் அந்த நீலக் கார் நின்றது. முன்னால் ஓர் அட்டை. ஆக்கம்: மைக்ரான்.

அவளைப் பார்த்தேன். காரைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மனுஷன் சமாளித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களிடம், "வண்டி என்னுது. வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்தேன்ல? தங்கச்சியும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணாங்க" என்றார்.

ஒத்தாசை! எட்டு மாதம் ஒருத்தி கண்ணைக் கொடுத்துச் செய்ததற்குப் பேர் ஒத்தாசை. அதுவும் யார் சொல்கிறார்? எங்கள் வீட்டு டம்ளரில் ஒன்பது வருஷம் டீ குடித்த ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சான், மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. யாரு செஞ்சது?"

"மாப்ள, மெதுவாப் பேசுங்க. நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும்! நாலு பேரு பாக்கத்தான் கேக்குறேன்."

வெளியூரிலிருந்து வந்த நடுவர் ஒரு பெரிய மனிதர், நிதானமானவர். "அந்த அம்மாதான் செஞ்சாங்கங்கிறதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார். கிளப்காரர்கள் எங்களுக்கு முந்திக்கொண்டார்கள். விரிசல் விளக்கு, சிகரெட் பொட்டு, சொட்டை, எல்லாம் தலைவர் வாயால் அவர்களும் கேட்டவைதான். தலைவருடைய வண்டியைத் தலைவர் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

அப்போதுதான் எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. "கூரைக்கு உள்ள பாருங்க! என் வீட்டுக்காரி எதச் செஞ்சாலும் உள்ள எழுதி வைப்பா!"

என் மனைவி சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க. வாங்க, போயிரலாம்."

"நீ சும்மா இரு. உன் நல்ல மனசாலதான் இந்தக் கூத்தே."

"சொல்றதக் கேளுங்க. வேணாம்."

"ஒட்டின கூரைய எடுத்தா வண்டி போயிரும்" என்றார் மைக்ரான். அதைச் சொன்னபோது அவர் குரல் நிஜமாகவே பதறியது. அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னும் தைரியம் வந்தது. மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். யாரும் தடுக்குமுன் கூரையின் ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். டிப்போவில் எத்தனையோ மூடிகளை அப்படி நெம்பியவன் நான். டக்கென்று ஒரு சத்தம். கூரை என் கையோடு வந்தது. முன்கண்ணாடி இரண்டாகப் போனது. இடது விளக்கு எகிறி எங்கேயோ விழுந்தது.

நடுவர் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். "மைக்ரான். பதினெட்டு, ஒன்பது."

"அட, அது தலைவரோட பொறந்த நாளு!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், அறை முழுக்கக் கைதட்டல். நான் கூரையைக் கையில் வைத்துக்கொண்டு திருடனைப்போல் நின்றேன். "அடுத்தவங்க உழைப்ப இப்படி நாசம் பண்ணிட்டீங்களே சார்" என்று நடுவர் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து! உடைந்த வண்டிக்கே முதல் பரிசு என்று அறிவித்தார்கள்.

மைக்ரான் அந்தச் சீட்டைக் குனிந்து படித்தார். பிறகு என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அறையில் அத்தனை பேரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். அது கையில் ஆடியது. காரைத் தொடாமல் போய்விட்டார்.

அவள் தரையில் மண்டியிட்டு விளக்குத் துண்டைத் தேடி எடுத்தாள். எல்லாவற்றையும் லேப்புக்குக் கொண்டுபோகும் டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நான் குதித்தேன். "அவன் பேர ஏம்மா எழுதின? உன் பேர எழுதித் தொலைச்சிருந்தா இந்நேரம்..."

"பல்லுக்குள்ள யார் பேர எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

"செஞ்சவங்க பேரத்தான்" என்றேன்.

"யாருக்குப் பல்லோ அவங்க பேர எழுதுவோம். மாறிடக்கூடாதுன்னு. கூடவே டெலிவரி தேதி. செஞ்சவ பேர யாரு எழுதுவா?" சோப்புப் போட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணனுக்குக் கை நடுங்குது. மூணு வருஷமா ஒரு கோடு இழுக்க முடியல. எங்கிட்ட மட்டும் சொல்லி அழுதாரு. இனி அந்த வண்டிய அவரால செய்ய முடியாதுன்னுதான் நான் செஞ்சேன். அறுபதாவது பொறந்த நாளுக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். இன்னும் ஒன்பது நாள் பொறுத்திருந்தா அவர் கைக்கே வந்திருக்கும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"உங்க வாயில பல்லே நிக்கல. ரகசியமா நிக்கும்?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவளும் சிரிக்கவில்லை.

"அவரு செஞ்சது துரோகம். அது எனக்கும் தெரியுது" என்றாள். "ஆனா வண்டிய உடைச்சது அவரில்ல. ரெண்டு தடவ வேணாம்னு சொன்னேன். எனக்காகக் கத்துறேன்னு நெனச்சீங்க. உங்க ரோஷத்துக்குக் கத்துனீங்க."

குழாயடிக்குப் போய் வாயிலிருந்த இரண்டு பல் பிளேட்டைக் கழற்றினேன். ஆறு வருஷமாகத் தினமும் கழுவுகிறேன், ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. உள்பக்கத்தில், அதே கண்ணாடிப் பிசினுக்கு அடியில், என் பேர். கீழே ஒரு தேதி. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு திரிந்தபின் அவள் அதை எனக்கு மாட்டிவிட்ட நாள்.

பதினெட்டாம் தேதி மாலை வாசல்மணி அடித்தது. மைக்ரான். துணிப்பையில் அந்தக் கோப்பை. உள்ளே வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

"அலமாரியில என் வண்டியப் பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சு தங்கச்சி" என்றார். "எங்கிட்ட சொல்லாம நீ போட்டிக்கு வெக்கப்போறேன்னு நெனச்சுட்டேன். என் கதைய நீ எடுத்துக்கிட்டேன்னு நெனச்சேன். அன்னைக்கு அந்தச் சீட்டப் படிச்சப்புறமாவது..." முடிக்காமல் பையை நீட்டினார். "இது உன்னுது."

அவள் அதை வாங்கவில்லை. உள்ளே போனாள். லேப்பில் பல்செட் வைத்துக் கொடுக்கும் வெள்ளை அட்டைப்பெட்டியில் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். திறந்து பார்த்தார். நீலக் கார். ஒன்பது நாளில் அவள் அதைத் துடைத்திருந்தாள், அவ்வளவுதான். கூரை தனியாக, உள்பக்கம் மேலே தெரியும்படி கிடந்தது.

"ஒட்டலையாம்மா?" என்றார். பெட்டி அவர் கையில் கடகடவென்று ஆடியது.

"இல்லண்ணே. சொன்ன தேதிக்கு நான் வேலையக் குடுக்காம இருந்ததில்ல, அதான் குடுக்குறேன். பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கங்க."

பார்த்தார். இருக்கிறது என்று தலையாட்டினார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.