வெயிலை நம்பி வழி தவறினோம்

1974 ஆடி மாதம், மெல்பேர்னில் எனக்கு முதல் குளிர்காலம். நிலத்தடியிலிருந்து சோடாபோல நுரைத்து வரும் நீரைக் குடித்துப் பார்க்க, நானும் நண்பன் சிவமும் ஹெப்பர்ன் ஊற்றுக் கிராமத்துக்கு, பக்கத்து ஊரில் பஸ்ஸால் இறங்கிக் காட்டுவழியே நடந்தோம். இடையில் பாதை தவறிவிட்டது.

கிராமம் வடக்கே என்பது தெரியும். யாழ்ப்பாணத்தில் குளிர்கால மத்தியான வெயில் தெற்கே சாயும். அதை நம்பி, வெயிலை முதுகில் வாங்கினால் வடக்கே போகலாமென்று முன்னே நடந்தேன். காடு முடியவேயில்லை.

"வீட்டில முதல் படிச்சவன் எண்டு புளுகினியே மச்சான், பொழுதுபட்டா விறைச்சுச் சாவம்!" என்றான் சிவம்.

விறகு வெட்டிய ஒருவர்தான், இங்கே மத்தியானச் சூரியன் வடக்கில் நிற்கும் என்று சிரித்தபடி சொல்லி, தன் வண்டியில் ஏற்றிப்போனார். இருட்டுமுன் ஊற்றுநீரைக் குடித்தோம். துருப்பிடித்த ருசி!

இப்போது எந்தப் புது ஊரிலும், என் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்காமல் நான் நடப்பதில்லை.