ராத்தாவுக்கு நாய் தேடியது

தறியில் இருந்தபடியே என் மூத்த சகோதரி, ராத்தா, வலிப்பு வந்து விழுந்தாள். பக்கத்துத் தறிக்காரர்கள் தூக்கியபோது மூக்கால் வடிந்த இரத்தத்தில் இடுப்பில் உடுத்தும் சாரன் நான்கு நெய்யும் அளவு நூல் பழுதாகியிருந்ததாம். நான் அப்போது பொலன்னறுவைப் பக்கம் நெல் லொறியில் கூலியாகப் போய்க்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு எங்கள் ஊரான மருதமுனைக்கு வந்து சேர நான்கு நாள் எடுத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம், பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி மாத்திரையும் அதே பாதையால்தான் வர வேண்டும். அது வராத மாதங்களில் அவளுக்கு வலிப்பு கூடும்.

தறிக்கொட்டில் முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும், "தனிய வாறண்டா இனித் தறியில இருத்த மாட்டன் புள்ள. ஆரும் பக்கத்துல இரிக்கோணும்," என்று சொல்லிவிட்டார். அவளுக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள். கலியாணம் பேசி வந்தவர்கள் வலிப்பைக் கேள்விப்பட்டதும் திரும்பிப் போனார்கள். தறியை விட்டால் அவளுக்குச் சோறு இல்லை. எனக்கோ ஓரிடத்தில் இருப்பு வராது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான்.

"நான் நிக்கிறன் ராத்தா," என்றேன்.

"நீயா? ஒரு நோன்பு மாசம் முழுசா இந்த ஊர்ல இரிந்திரிக்கியா நீ?"

பேச்சை மாற்றுவதற்காக, கொழும்பில் நான் தோட்டவேலை செய்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். அந்த வீட்டுக்காரரின் மகளுக்கும் இதே நோய். வலிப்பு வருவதற்குச் சற்று முன்னர் அவர்களுடைய நாய் அவளைச் சுற்றிச் சுற்றி முனகும். அவள் உடனே படுத்துக்கொள்வாள்.

ராத்தா நூல் சுற்றுவதை நிறுத்தினாள். "எவ்வளவு நேரம் முந்தி?"

"ரெண்டு மூணு நிமிசம் இரிக்கும்."

"எனக்கு ரெண்டு நிமிசம் போதும். தறியால இறங்கிப் பாயில படுத்திருவன். அப்பிடி ஒரு நாய் தேடிக் கொண்டா."

"நாயா? நம்மட வளவுக்கா?"

அடுத்த நாளே ராத்தா மௌலவியின் வீட்டு வாசலில் போய் நின்று, நாய் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். காவலுக்கு வைத்திருக்கலாம், வீட்டுக்குள் விடக் கூடாது, அதன் வாய் ஈரம் பட்டதை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும் என்றாராம். "அப்ப கழுவினா முடிஞ்சிது தானே ஹஸரத்?" என்று இவள் கேட்க, அவர் சிரித்துவிட்டாராம்.

நான் சைக்கிளில் தெற்கே புறப்பட்டேன். பாண்டிருப்பிலும் காரைதீவிலும் நாய் வைத்திருந்தவர்களிடம் கேட்டேன்.

"காக்கா, கடிக்கிற நாய் வேணுமா, கடிக்காத நாய் வேணுமா?" என்று அண்ணன் முறை சொல்லி ஒருவர் கேட்டார்.

"வலிப்பு வாறத்த முந்திச் சொல்லுற நாய்."

"அப்பிடிச் சொல்லுமெண்டா மழை எப்ப வருமெண்டு நாங்களும் கேட்டிருப்பமே!"

திருக்கோவில் தேநீர்க் கடை ஒன்றில்தான் ஒருவர் சிரிக்காமல் பதில் சொன்னார். அவர் காட்டிய வழியில் விநாயகபுரம் போனேன். அங்கே ஒரு மீனவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு காது கிழிந்த, மண்ணிறப் பெட்டை நாய் படுத்திருந்தது.

"அம்மா போன வருசம் செத்துட்டா. அவக்கு வலிப்பு வாறத்துக்கு முதல் இவள் சீலையப் புடிச்சி இழுத்து இருத்திப் போடுவாள். உங்கட அக்காவுக்கும் செய்வாளோ தெரியாது. கொண்டு போய்ப் பாருங்க."

"விலை?"

"விலை வேணாம். அடிக்காதீங்க, அவ்வளவுதான்."

மீன்பெட்டியில் வைத்துச் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவந்தேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் என் தொப்பியைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். நாய்க்கு பிஸ்கட் கிடைத்தது. என்னை வழக்கம்போலச் சோதித்தார்கள்.

அடிப்பதில்லை என்று மீனவருக்குக் கொடுத்த வாக்கை ஒரு மாதம்கூட நான் காப்பாற்றவில்லை. ஒரு காலை நாய் ஓடிவந்து ராத்தாவின் பாவாடை ஓரத்தைக் கவ்வியது. வாய் ஈரம்! விளக்குமாறால் அடித்துத் துரத்தினேன். ஓரத்தைக் கழுவ அவள் வாளியோடு குனிந்தபோதே வலிப்பு வந்தது. நாயால் வந்த பதற்றம் என்று நினைத்தோம். இரண்டாம் தரமும் வந்தது, இரண்டாம் தரமும் அடித்தேன். மூன்றாம் தரம் அது கிட்ட வரவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு தூரத்தில் நின்று அவளையே பார்த்தது. ராத்தா கிணற்றுக் கட்டில் விழுந்து புருவம் பிளந்தது.

கட்டுப் போட்ட தலையோடு அவள் சொன்னாள்: "அது சொன்னது. நாமதான் அதுட வாயப் பொத்தினம். இனி ஆரும் அதுக்கு விளக்குமாறு எடுத்தா நான் உலக்கை எடுப்பன்."

பழைய சாரனைக் கிழித்து, கெண்டைக்கால் வரை தொங்கும் ஒரு துண்டை இடுப்பில் கட்டினாள். நாய் கவ்வுவதற்கென்றே ஒரு துண்டு. நாளும் கருவாடு காட்டி, அதை மட்டும் இழுக்கப் பழக்கினாள். அடிபட்ட நாய் நம்பிக் கிட்ட வரப் பல நாள் ஆனது. அவள் சலிக்கவில்லை. வாய் பட்ட துண்டை மாலையில் கழுவுவாள், வாய்விட்டு எண்ணியபடி. ஒரு தரம் மண்ணோடு, ஆறு தரம் தெளிந்த தண்ணீரில். ஒருநாள் நான் கழுவும்போது ஐந்திலோ ஆறிலோ எண்ணிக்கை தவறிவிட்டது. "திரும்பத் தொடங்கு," என்றாள். நான் பல ஊரில் பல முதலாளிமாரிடம் வேலை செய்திருக்கிறேன். அவளைப் போலக் கண்டிப்பான ஆளைக் கண்டதில்லை.

நாயோடு வேலைக்கு வரக் கேட்டபோது முதலாளி தயங்கினார். "சாரன்ல நாய் வாய் பட்டா அத உடுத்து ஆரு புள்ள தொழுவுற?"

"அது படிக்கு அங்கால இரிக்கும். எனக்கு வாசல் தறியத் தாங்க."

துண்டை இன்னும் நீட்டித் தைத்து, நுனி வாசற்படிக்கு வெளியே மணலில் கிடக்கும்படி விட்டாள். நாய் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. நான் வேலி ஓரத்தில் காவல் இருந்தேன். ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. தறிக்காரப் பெண்கள், "ராத்தாட மாப்பிள்ள வந்துட்டாரா?" என்று நாயை வைத்துப் பகிடி பண்ணினார்கள்.

பத்தாம் நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன், நாய் எழும்பி நுனியைக் கவ்வி இரண்டு தரம் இழுத்தது. ராத்தா தறியில் குறுக்கே ஓட்டும் நூல்நாடாவைக் கீழே வைத்தாள். அவசரப்படாமல் இறங்கிப் பாயில் ஒருக்களித்துப் படுத்தாள். பகிடி பண்ணியவர்களின் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கொஞ்ச நேரத்தில் அவள் உடல் உதறத் தொடங்கியது. முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் அடங்கி அவள் கண் விழித்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நெய்த துணியிலும் ஒரு கறை இல்லை. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மீண்டும் தறியில் ஏறினாள்.

முதலாளி வேலிப் பக்கம் வந்தார். "தம்பி, நாளைக்கி நீ வரத் தேவல்ல."

மறுநாள் காலை அவள் நாயோடு தனியே போனாள். தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நிற்கிறேனா என்று ஒருதரமும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.