ஆளுக்கு ஒரு கைப்பிடி

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குதிரைக்கு அப்படி ஒரு பழமொழி கிடையாது. செத்த குதிரை யாருக்கும் வேண்டாத பாரம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் பின்னால், என் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் எனக்கு அது புரிந்தது.

ஈப்போவில் பந்தயக் குதிரைகளை ஏற்றி இறக்கும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளும் அப்படி ஏறி இறங்கியவள்தான். முன்னங்கால் நரம்பு அறுந்து, இனி ஓட மாட்டாள் என்று ஆனதும் ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொடுங்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கொடுத்துவிட்டார்கள். பந்தயப் பட்டியலில் அவளுக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்களுக்கு அவள் பொண்ணு. என் மனைவி கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் என்னைவிட அவள்தான் பொண்ணோடு அதிகம் பேசினாள்.

ஈப்போவில் நாங்கள் இருந்தது அடுக்குமாடி. குதிரையை லிஃப்டில் ஏற்ற முடியாதே. மனைவி பிறந்த எஸ்டேட்டில் கொண்டுபோய் விட்டோம், நாங்களும் பாதி நாள் அங்கேயே கிடந்தோம். ரப்பர் பால்மரம் எல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஒரு வரிசை லயம் மட்டும் இடிபடாமல் நிற்கிறது, சில குடும்பங்கள் இருக்கின்றன, கோடியில் ஒரு முனியாண்டி கோயில். வெள்ளைக்காரத் தொரை குதிரையில் வந்து மிரட்டிய இடத்தில் கூலிக்காரன் மருமகன் குதிரை கட்டுகிறான் என்று என்னைக் கிண்டல் அடிப்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்வானேன்.

திருவிழா வந்தது. முனி குதிரைமேல் வருகிற சாமி. இத்தனை வருஷம் சிமெண்டுக் குதிரையை வைத்தே ஒப்பேற்றியவர்களுக்கு உயிரோடு ஒன்று கிடைத்தால் விடுவார்களா? பூசாரி அண்ணன் வந்து கேட்டார். மாலை போட்டு, நெற்றியில் மஞ்சள் பூசி, கோயில் மரத்தடியில் நிறுத்தினோம். அவளுக்கு எதையும் ஊட்ட வேண்டாம் என்று அட்டையில் எழுதி மரத்தில் தொங்கவிட்டேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேதான். இதையும் வாயால் சொன்னேன், கேட்கிற எல்லாரிடமும் சொன்னேன்.

சாமி தூக்க ஆள் பத்தவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். மனைவியைப் பொண்ணு பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். அதற்குள் ஜனம் வரிசை கட்டிவிட்டது. ஈப்போ, கோப்பெங் என்று ஊர் ஊராகப் பிரிந்து போனவர்கள் வருஷத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் திரும்பி வருகிறார்கள். கையில் சர்க்கரைப் பொங்கல், ஊறவைத்த கடலை. என் மனைவி வேண்டாம் என்று கத்தியிருக்கிறாள். “பிரசாதம் லா அக்கா, சாமிச் சாப்பாடு ஒண்ணும் செய்யாது. ஒரு கைப்பிடிதானே?” என்றார்களாம். அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை. யாருமே ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுக்கவில்லை. முதல் கைப்பிடி பூசாரி அண்ணனுடையது. பொண்ணும் லேசுப்பட்டவள் இல்லை, நீட்டிய கையெல்லாம் நக்கியிருக்கிறாள்.

சாயங்காலம் காலால் மண்ணைப் பறித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். பிறகு படுத்து உருண்டாள். உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று அவளை எழுப்பி எழுப்பி நடத்தினோம், நானும் மனைவியும் மாறி மாறி. குதிரை பார்க்கிற டாக்டர் வெளியூரில் இருந்தார். விடிந்ததும்தான் வந்து சேர்ந்தார். சீனப் பெண்மணி, என்னோடு மலாயில் பேசினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார், உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். ஈறு கறுத்திருந்தது. அறுத்துப் பார்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, இனி உயிரோடு வைத்திருப்பது அவளுக்குச் சித்திரவதை என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றாத நாள் இல்லை, ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை.

ஊசி போட்டதும் முன்னங்கால்கள் மடிந்து, பெருமூச்சு விட்டுச் சாய்ந்தாள். டாக்டர் அவள் கழுத்தைத் தடவிவிட்டு என்னிடம் கறாராகச் சொன்னார்: இந்த மருந்து உடம்பிலேயே இருக்கும், நாய் தின்றால் நாய் சாகும். தண்ணீர் ஓடுகிற இடத்திலிருந்து தள்ளி, ஆழமாக, இன்றைக்கே புதைத்துவிடு.

எங்கே புதைப்பேன்? அவளைக் கட்டிய இடம் எங்களுடையதல்ல. செம்பனைக் கம்பெனியின் மண்டோர், அதாவது கங்காணி, மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். பாவம், நல்ல மனிதர்தான். “அண்ணே, கம்பெனி நெலத்துல குழி வெட்ட வுட்டேன்னா எனக்கு வேல போயிரும்” என்று போய்விட்டார். தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் ஒருவன் போனில் வந்து, குப்பை லோரி ஏற்பாடு செய்கிறேன், ஆனால் முழுசாக ஏறாது, வெட்டித்தான் ஏற்றணும் என்றான். போனைச் செம்பனை மரத்தில் ஓங்கி எறிந்தேன். மனைவி போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வெயில் ஏறியது. ஈ மொய்த்தது. வயிறு உப்ப ஆரம்பித்தது. குதிரைக்கொம்பு கூடக் கிடைத்துவிடும் போலிருந்தது, குதிரைக்கு ஒரு குழி கிடைக்கவில்லை.

மனைவி பொண்ணின் கால்களை நீவி நீவி மடக்கினாள். விறைத்துவிட்டால் மடங்காது. மனிதர்களுக்குக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது மாதிரி, தன் பழைய சேலையைக் கிழித்து நாலு குளம்பையும் சேர்த்துக் கட்டினாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது பூசாரி அண்ணன் வந்தார். பின்னால் லயத்து ஜனம், திருவிழாவுக்கு வந்து தங்கிவிட்டவர்கள் என்று ஒரு கூட்டம். மஞ்சள், பூ, தேங்காய் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

“முனி தன் குதிரையக் கூட்டிக்கிட்டாரு தம்பி. திருநா முடிஞ்ச மறுநா போயிருக்குன்னா வேற என்னா? கோயில் வேலிக்குள்ளயே வச்சிரலாம். அந்த மண்ணக் கம்பெனிக்காரன் தொட மாட்டான்.”

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முனி கூட்டிக்கொண்டாரா? கொன்றது நீங்கள்! உங்கள் பொங்கல், உங்கள் கடலை! ஒவ்வொருவர் கையையும் பிடித்து முகர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும் போல வெறி வந்தது. என் மனைவி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

“இப்ப வாயத் தொறக்காதீங்க,” என்றாள் மெதுவாக. “நமக்கு மண்ணு வேணும்.”

சரி அண்ணே என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கசந்த வார்த்தை அதுதான்.

தோட்டத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆழமாகத் தோண்டினார். செம்மண்ணுக்குக் கீழே வெள்ளைக் களிமண் வந்தது. “மச்சான், கழுத்துல செயினப் போட்டு இழுத்துரட்டா?” என்றார். வேண்டாம் என்றேன். லோரியில் குதிரைகளை ஏற்றும்போது கட்டுகிற அகலமான பட்டைகள் என்னிடம் இருந்தன. அவற்றை அவள் வயிற்றுக்கும் மார்புக்கும் கீழே நுழைத்துத் தூக்கினோம். அத்தனை பெரிய உடம்பு ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. இறக்கும்போது பட்டை நழுவி அவள் தலை குழி விளிம்பில் இடித்தது. வலிக்காது என்று தெரியும். தெரிந்தும் ஐயோ என்று கத்திவிட்டேன்.

பிறகு வரிசை கட்டினார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி மண். முதல் கைப்பிடி பூசாரி அண்ணனுடையது. முந்தின நாள் மரத்தடியில் நின்ற அதே ஆட்கள், அதே கைகள். ஒரு பெண்மணி மண்ணைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் வந்தார். “நேத்துகூட எங் கையாலதான் சாப்புட்டுச்சு அண்ணே. குடுத்து வச்ச குதிரை.” நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். யாரைத் திட்டுவது? ஒருவன் கொன்றிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றால் யார் சட்டையைப் பிடிப்பது?

அதற்குப் பிறகு நான் குதிரை லோரி ஓட்டவில்லை. இப்போது சிமெண்டு ஏற்றுகிறேன். பொண்ணு படுத்த இடத்தில் மேடை கட்டி மஞ்சள் அடித்திருக்கிறார்கள், சூலம் நட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது. லயத்து வாட்ஸ்அப் குழுவில் அந்த விளக்கைப் படம் எடுத்துப் போட்டுக் கும்பிடுகிறார்கள். நான் அந்தக் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. அவள் இல்லாத வருத்தம் ஒரு பக்கம். அவள் எப்படிப் போனாள் என்ற உண்மையே இல்லாமல் போனது அதைவிடப் பெரிய வருத்தம். அவள் எனக்கு இல்லை, முனிக்குப் போய்விட்டாள்.

அடுத்த திருவிழாவுக்குப் போக மாட்டேன் என்றேன். அவளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மனைவி கூட்டிப்போனாள். மேடைக்கு முன்னால் வரிசை நின்றது. தலைவாழை இலையில் சர்க்கரைப் பொங்கலும் ஊறவைத்த கடலையும் குவித்து, பூசாரி அண்ணன் என்னிடம் நீட்டினார். சொந்தக்காரன்தானே மொதல்ல வைக்கணும் என்றார்.

ஒரு வருஷமாக விழுங்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. “அண்ணே, அவளுக்குப் பொங்கல் ஆகாது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தார்.

“தெரியும் தம்பி,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “அன்னிக்கே தெரியும். இனிமே என்னா செய்யப்போவுது? சாப்புடட்டும் லா.”

இலையை வாங்கி அவள் தலைமாட்டில் வைத்தேன். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது.