சுவரில் மாட்டிய ஸ்டியரிங்

அப்போதெல்லாம் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கி, "பிசியோதெரபி எங்கே?" என்று கேட்டால் ஒருத்தரும் வழி சொல்லமாட்டார்கள். "கரண்டு வைக்கிற அம்மா" என்று கேட்டால் போதும், பூக்காரம்மா சரத்தைக் கட்டியபடியே தலையை ஆட்டித் திசை காட்டிவிடுவாள்.

நாலரை வருஷம் எலும்பையும் தசையையும் உருப்போட்டுப் படித்த அன்பரசிக்கு இந்தப் பெயரைக் கேட்டால் வயிறு எரியாதா? எரிந்தது. படாளம் காலனியில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவள். அம்மா செங்கம்மாள் ஊரான் வயலில் நாற்று நட்டுத்தான் மகளைப் படிக்கவைத்தாள். அதனால் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் விடமாட்டாள்.

"எம் பொண்ணு படிச்ச படிப்பு சும்மா இல்ல. ஒடம்புல எத்தினி எலும்பு கீதுன்னு கேளு, கண்ண மூடிக்கினு சொல்லும்."

அன்பரசி அம்மாவின் இடுப்பில் கிள்ளுவாள். "சும்மா இரும்மா."

மகளுக்கு வெட்கம் என்று செங்கம்மாள் நினைத்துக்கொண்டாள். வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை. 2003இல் அந்த ஒற்றை அறையைத் திறந்த நாளிலிருந்து தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அன்பரசிக்குத்தான் தெரியும். முட்டிவலி என்று வருவார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, மிஷினைப் போட்டு, பத்து நிமிஷத்தில் அணைப்பாள். "கொஞ்சம் ஏத்தி வையம்மா, சுருக்குனு இருந்தாத்தான் கேக்கும்" என்பார்கள். பிறகு உடற்பயிற்சியைப் படம் போட்ட தாளைக் கொடுப்பாள். பயபக்தியோடு வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்கள். அந்தத் தாளை ஒருத்தர்கூடப் பிரித்திருக்கமாட்டார். அவளும் வற்புறுத்தமாட்டாள். வற்புறுத்தினால் நாளைக்கு வரமாட்டார்களே என்ற பயம்.

2008 ஆனி மாசத்தில் பெஞ்சமின் வந்தார். அரசு பஸ் ஓட்டுநர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். பதினெட்டு வருஷமாக அதே தடம். வலது தோள் இறுகிப்போயிருந்தது. கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. காக்கிச் சட்டையை மனைவி ஜெஸ்ஸிதான் மாட்டிவிட வேண்டியிருந்தது.

"மூணு மாசம் லீவு குடுத்துக்கீறாங்கம்மா. அப்புறம் மெடிக்கல். கை தூக்கலன்னா வண்டிய விட்டு எறக்கிடுவாங்க. டிப்போல ஒக்கார வச்சி சீட்டு கிழிக்கச் சொல்வாங்க. எங்க நைனா அடுத்தவன் மாட்ட ஓட்டிக்கினு போனாரு. நான் அறுபது பேர வச்சி ஓட்டிக்கினு போறேன். என்னால எறங்க முடியாதும்மா."

பெரிய மனுஷன் கண்ணில் தண்ணீர். அன்பரசி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளும் அதே மாதிரி வீட்டிலிருந்து வந்தவள்தானே.

ஒரு மாசம் தினமும் பத்து மணிக்கு வந்தார். கரண்டு வைத்துக்கொண்டார். "வூட்ல எக்சசைஸ் பண்றீங்களாண்ணா?" என்றால், "பண்றேம்மா, ஜோரா பண்றேன்" என்பார். சுத்தப் பொய். அளந்து பார்த்தால் கை வந்த அன்று எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

அந்தச் சமயம் பார்த்து மின்வெட்டு ஆரம்பித்தது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்சாரம் கிடையாது. மிஷின் செத்தது, ஃபேன் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். "கரண்டு வந்ததும் வரோம்மா." பெஞ்சமினும் எழுந்தார்.

அன்பரசிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"ஒக்காருங்கண்ணா! எல்லாரும் ஒக்காருங்க! இந்த மிஷினு வலியத்தான் கொஞ்ச நேரம் மறக்கவைக்கும். கைய நீங்கதான் தூக்கணும், அது தூக்காது. இது எனக்கு மொத நாளே தெரியும். கறாரா சொன்னா வரமாட்டீங்கன்னுதான் சொல்லல. தப்பு என்மேலதான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பகீர் என்றது. நடவு ஓய்ந்திருந்த நாள், செங்கம்மாளும் முட்டிவலியோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மகள் இப்படிக் கத்தி அவள் பார்த்ததே இல்லை.

பெஞ்சமின் மெதுவாக உட்கார்ந்தார். "இன்னா பண்ணச் சொல்ற?"

"கை எங்க மாட்டுதுன்னு காட்டுங்க."

"தூக்கிக் காட்டத் தெரியாதும்மா. வண்டில வேணா காட்றேன்." இரண்டு கையையும் முன்னால் நீட்டினார், இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். "இதோ கழுக்குன்றம் திருப்பம் வருது. ஒடிக்கிறேன், ஒடிக்கிறேன்... ஆ! இங்க."

அன்பரசி நிமிர்ந்தாள். 'தூக்குங்க' என்றால் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிற மனுஷன், வண்டி ஓட்டும்போது கையை நாலு விரற்கடை மேலே கொண்டுபோயிருக்கிறார்! கல்லூரியில் சுவரில் ஒரு சக்கரம் இருந்தது. தோள் இறுகியவர்களை அதைத்தான் சுற்றவைப்பார்கள். அதை வாங்க வசதியில்லாமல் அவளும் மறந்துபோயிருந்தாள்.

"அண்ணா, ஒரு பழைய ஸ்டியரிங் கெடைக்குமா?"

மறுநாளே பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லாரி ஸ்டியரிங்கோடு வந்து நின்றார். சுவரில் பலகை அடித்து, வரிசையாக ஓட்டை போட்டு, அதில் மாட்டினார்கள். வாரம் ஒருமுறை ஒரு ஓட்டை மேலே ஏற்றுவது என்று ஏற்பாடு. பெஞ்சமின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"வலி எட்டிப் பாக்கலாம், உள்ள வந்து ஒக்காரக் கூடாது. ஒக்காந்தா நிறுத்திடணும். கெளம்புங்க, மாமல்லபுரம் போய்ட்டு வாங்க."

முதல் நாள் வண்டி திருக்கழுக்குன்றத்தோடு படுத்துவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் மறுநாள், கூப்பிடாமலே ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டார்.

பெஞ்சிலிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "டிரைவரே, ஸ்டாப்பிங் வந்தா சொல்லு" என்று ஒருத்தர் ஆரம்பித்தார். அன்பரசி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டி, பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடிக்கவேண்டும். வண்டி கிளம்பினால் மடக்கலாம். செங்கம்மாள் தானாகவே கண்டக்டர் ஆகிவிட்டாள்.

"இன்னா தாத்தா, கால நீட்டாம குந்திகினு கீற? எறக்கி வுட்ருவேன்!"

மின்வெட்டு நேரத்தில்தான் அறை நிரம்பியது. கரண்டு வந்தாலும் மிஷினை ஒருத்தரும் கேட்கவில்லை. செங்கம்மாள் அதோடு விட்டாளா? அடுத்த நடவில், பத்து வரிசை நட்டதும் அத்தனை பெண்களையும் நிமிரவைத்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளையச் சொன்னாள். இடுப்பு பிடித்துக்கொள்வதற்கு முன்னாலேயே நிமிர்த்திக்கொள்ள வேண்டுமாம். வரப்பில் நின்ற நிலக்காரர் முறைத்தார். "எம் பொண்ணு சொல்லிக்கீது" என்றாள், அவ்வளவுதான்.

பெஞ்சமினின் ஸ்டியரிங் எட்டு வாரத்தில் ஐந்து ஓட்டை ஏறியது. சில வாரம் ஏறவேயில்லை என்று அவர் பல்லைக் கடித்ததும், ஒருநாள் ஆத்திரத்தில் வேகமாகச் சுற்றிவிட்டு மூன்று நாள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திட்டு வாங்கியதும் உண்டு. ஆனால் ஏறியது. புரட்டாசியில் மெடிக்கலுக்குப் போனார்.

போனவர் வரவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள், ஒரு வாரம் ஆயிற்று. அன்பரசிக்குச் சோறு இறங்கவில்லை. மூணு மாசத்தில் முதல் மாசத்தைத் தான்தான் வீணடித்தோம், அந்த மாசம் இருந்திருந்தால் கை இன்னும் மேலே போயிருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. சுவரிலிருந்த ஸ்டியரிங்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் அம்மாவும் மகளும் படாளம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். கூட்டம் நெரிந்தது. அப்போது மாமல்லபுரம் போர்டு போட்ட வண்டி ஒன்று மெதுவாகத் திரும்பி வெளியே வந்தது. ஸ்டியரிங்கில் பெஞ்சமின்! மொடமொடவென்று காக்கிச் சட்டை. அன்பரசியைப் பார்த்துவிட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"மெடிக்கல் பாஸு! அண்ணிக்கே டபுள் டூட்டில ஏத்திட்டாங்கம்மா! ஆள் இல்லன்னு வூட்டுக்கே வுடல!"

சொல்லிவிட்டு வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். நேராக மேலே தூக்கினார், காதை ஒட்டி, பஸ்ஸின் கூரை வரைக்கும். கூரையைப் பட் பட்டென்று ரெண்டு தட்டுத் தட்டினார். பிறகு கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

செங்கம்மாள் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தியா, அந்தக் கைய? அது எம் பொண்ணு தூக்க வச்ச கை!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் அன்பரசியை மேலும் கீழும் பார்த்து, "இதுவா உம் பொண்ணு?" என்றாள். செங்கம்மாள் மகளின் கைக்கு எட்டாமல் இடுப்பை நகர்த்திக்கொண்டாள், கிள்ளு விழும் என்று.

விழவில்லை. "ஆமாங்க, நான்தான்" என்றாள் அன்பரசி.