முதலாவதா, இரண்டாவதா?

இருபத்தாறு ஆண்டுகளாக அவர் பிழைத்தது ஒரே கேள்வியைக் கேட்டுத்தான். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?"

கடைத்தெரு வளையும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கடை. அதன் உள்ளறையில் அவர் பார்வை சோதிப்பார். எட்டடி நீளமே உள்ள அறை. எழுத்துப் பலகையை உரிய தொலைவில் மாட்ட இடமில்லை. எனவே எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதிய பலகையை நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிட்டு, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி பதித்திருந்தார்கள். நாற்காலியில் அமர்ந்தவர் முன்னே பார்ப்பதாக எண்ணிக்கொண்டு, தம் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் படிப்பார். அவருடைய மூக்கில் கனத்த சோதனைச் சட்டத்தை ஏற்றி, வட்ட லென்ஸுகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் செருகியபடி இவர் கேட்பார். பதிலுக்கேற்பச் சீட்டில் எண் எழுதுவார். தெருவில் அனைவரும் அவரைப் 'பவர் அக்கா' என்றே அழைத்தார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும்கூட.

சிலர், "ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு" என்று, தேர்வில் தோற்றவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, சரியான இடம் வந்துவிட்டது. இனி மாற்ற வேண்டியதில்லை. மற்றொன்று, பார்த்துப் பார்த்து அவர் களைத்துவிட்டார்; சற்று நேரம் கண்ணை மூடியிருக்கச் சொல்லி, மீண்டும் கேட்க வேண்டும். இரண்டில் எது என்று அறிவதுதான் தொழில் என்பார் பவர் அக்கா. அதில் அவர் தவறியதில்லை, ஐம்பத்தோராம் வயதுவரை.

அந்த ஆண்டில் ஒரு நாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தார்.

"அக்கா, இதைப் போட்டா தெருவே சோப்பு நுரையில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. நல்ல வேளை, வீட்டு வாசல்லயே போட்டுப் பாத்தேன். வண்டியில ஏறிப் போட்டிருந்தா உங்க பேரைச் சொல்லி ஊரே அழுதிருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்தது. எழுத்து, பவர் அக்காவுடையது. அடுத்து வந்த பெண்மணிக்கு லென்ஸ் மாற்றும்போது, "ரெண்டாவதுதான் தெளிவு" என்றார் அந்தப் பெண்மணி. எது இரண்டாவது என்பது பவர் அக்காவுக்கு நினைவில்லை. கையில் ஒரு லென்ஸ், சட்டத்தில் ஒரு லென்ஸ். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், "ஒரு நிமிஷம்" என்று எழுந்து, சரக்கறைக்குச் சென்று காலிப் பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்தார். கடைக்காரர் தேடி வந்தபோது ஒரு மணி நேரம் கடந்திருந்தது.

உண்மையில் அது பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது. காலையில் இரண்டு கோப்பைகளில் எதில் தேநீர் ஊற்றுவது என்று தெரியாமல், நீர் கொதித்து வற்றும்வரை நிற்பார். தலைமுடியை அலசி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது. துக்கமா என்றால், துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டாமா? யாரும் இறக்கவில்லை; எதுவும் தொலையவில்லை. மகள் வெளியூரில் நல்ல வேலையில் இருந்தாள். கணவர் குரலுயர்த்தாதவர். காரணமில்லாத துக்கத்துக்கு என்ன பெயர் வைப்பதென்று அவருக்குப் புரியவில்லை.

கடைக்காரர் நேராகவே பேசினார். "ஆறு மாசம் எடுத்துக்கோ. வாரம் ரெண்டு நாள் வேற ஒருத்தரை வச்சு ஓட்டிக்கிறேன். நாற்காலி உன்னோடது. ஆனா அதுக்கு மேல என்னால முடியாது, பவரு. வர்றவங்க கண்ணு இது, விளையாட்டு இல்ல."

நாற்காலி. அந்த ஒரு சொல்தான் அன்று அவர் காதில் தெளிவாக விழுந்தது. அதற்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு விருப்பம் எதுவும் அவரிடம் மிச்சமில்லை.

எப்படித் திரும்புவது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். அவரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெண்கள் விடுதி ஒன்றில் முப்பதாண்டு காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற தமக்கை, செய்தி கேட்ட மறுநாளே கான்வாஸ் ஷூவோடு வந்து இறங்கினார்.

"முன்னூறு பொண்ணுங்களை மேய்ச்சவ நான். அழுதுகிட்டுக் கிடக்கறவளை எழுப்பி நடக்கவிட்டா, மூணாம் நாள் சோறு கேப்பா. இதுக்கெல்லாம் மாத்திரையா? மூளை மழுங்கிடும்டி!"

"அண்ணி, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னு வைங்க. உள்ள இருக்கறவங்ககிட்ட, தைரியமா நடங்கன்னா போதுமா? மேல ஏறி மெஷினைப் பாக்க வேணாமா?" என்றார் கணவர்.

"என் தங்கச்சி என்ன இரும்புப் பெட்டியா?"

தொலைபேசியில் மகள் குறுக்கிட்டாள். "ரெண்டு பேரும் சண்டை போடறதை நிறுத்துங்க. அம்மாகிட்ட யாராவது என்னன்னு கேட்டீங்களா? உள்ள இருக்கறதை வெளிய பேசணும். நான் ஒரு ஆலோசகர்கிட்டப் பேசி வச்சிருக்கேன். புதன்கிழமை, காலை பத்து மணி."

பவர் அக்கா எவரையும் மறுக்கவில்லை, மறுக்கத் தெம்பில்லை. விடியற்காலையில் தமக்கையோடு நடந்தார். காலை உணவுக்குப் பின் மாத்திரை விழுங்கினார். புதன்தோறும் ஆலோசகரின் முன் அமர்ந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், முதல் இரண்டு வாரங்கள் அந்த அறையின் விரிப்பில் எத்தனை வகை நீலம் இருக்கிறது என்பதையே பேசினார். ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டது அவரை மேலும் குழப்பியது.

ஏழாவது வாரத்தில் கணவர் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கினார். பவர் அக்கா சன்னலிலிருந்து கூப்பிட்டார். "ஏங்க, சட்டையை உள்பக்கம் வெளிய போட்டிருக்கீங்க. பையெல்லாம் உள்ள இருக்கு. சாவியை எங்க வைப்பீங்க, வாயிலயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வீடே திகைத்துப்போயிற்று.

"மாத்திரை பிடிச்சுடுச்சு!" என்று கணவர் படியேறி ஓடிவந்தார்.

"மண்ணாங்கட்டி. நேத்து ஆத்தோரம் வரைக்கும் நடத்திட்டு வந்தேன். ரத்தம் ஓடுது" என்றார் தமக்கை.

"அம்மா போன வாரம்தான் ஆலோசகர்கிட்ட முதல் தடவையா அழுதாங்க. அதான்" என்றாள் மகள்.

மூவரும் பவர் அக்காவையே பார்த்தார்கள். மகள், தொலைபேசித் திரையிலிருந்து. "நீயே சொல்லு, எதுல தெளிவு?" என்றார் கணவர். இருபத்தாறு ஆண்டுகள் பிறரைக் கேட்ட கேள்வி தம்மிடமே திரும்பி வந்தபோது அவருக்கு விடை தெரியவில்லை. தெரியாதது அவரை அச்சுறுத்தியது. எதனால் தேறினோம் என்று அறியாதவர், நாளை மீண்டும் சறுக்கினால் எதைப் பற்றிக்கொள்வார்? அப்படிப்பட்டவர் எந்தத் துணிவில் ஓர் ஓட்டுநருக்குச் சீட்டு எழுதுவார்?

ஆகவே அவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையிலெடுத்தார். ஒரு கண்ணைச் சோதிக்க வேண்டுமானால் மறு கண்ணை மூட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு லென்ஸை மட்டுமே மாற்ற வேண்டும். முதலில், முழங்கால் வலி என்று சொல்லி ஒரு வாரம் நடையை நிறுத்தினார். மாற்றம் ஏதுமில்லை. நடையைத் தொடங்கிவிட்டு, ஒரு புதன்கிழமை ஆலோசகரிடம் செல்லவில்லை. அப்போதும் மாற்றம் ஏதுமில்லை. மூன்றாவதாக மாத்திரை. கணவர் கையில் கொடுக்கும் மாத்திரையை வாயில் போடுவதுபோலப் போட்டு, அவர் திரும்பியதும் எடுத்து, ஒரு பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு மூடினார். ஒரு வாரம் சென்றது. லேசாகத் தலை சுற்றியது. மற்றபடி நன்றாகவே இருந்தார்.

அதுதான் அவரை முற்றிலும் குழப்பிவிட்டது. மூன்றில் எதை எடுத்தாலும் மாற்றமில்லை என்றால், மூன்றுமே வேலை செய்யவில்லை என்றுதானே பொருள்? மூன்றும் வேலை செய்யாமலே தேறிவிட்டார் என்றால், முதலில் நோயே இருந்ததில்லையோ? வெறும் சோம்பலுக்காகவா வீட்டையே ஆட்டிவைத்தோம்? அந்த வெட்கத்தில் அவர் மாத்திரையை மீண்டும் தொடங்கவில்லை.

மாத்திரையை நிறுத்திய நான்காம் வாரம் ஒரு காலையில், இரண்டு கோப்பைகளுக்கு முன்னால் அவர் மீண்டும் நின்றார். நீர் வற்றிப் பாத்திரம் கருகியது. அதன்பின் ஐந்து நாள்கள் அவர் படுக்கையைவிட்டு எழவில்லை.

ஆறாம் நாள், முகம் கழுவிவிட்டுப் படுக்கையில் வந்து அமர்ந்தவருக்கு மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கலாம் என்று கணவர் அலமாரியில் இருந்த பெட்டியை எடுத்தார். அது கிலுகிலுத்தது. திறந்து பார்த்தவர், கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, உங்க வேலைதானே இது? மூளை மழுங்கிடும், மழுங்கிடும்னு ஓதினீங்களே."

"நான் நடக்கத்தான் சொன்னேன். விழுங்காதேன்னு எப்பச் சொன்னேன்? நீங்க பக்கத்துல இருந்து கொடுத்த லட்சணம் இது!"

"யாரும் சொல்லல." படுக்கையிலிருந்து வந்த குரல் மிக மெலிந்திருந்தது. "நானேதான் நிறுத்தினேன். எதுல தெளிவுன்னு கேட்டீங்கல்ல... சோதிச்சுப் பாத்தேன்."

தமக்கை பெட்டியை வாங்கி, உள்ளே கிடந்த மாத்திரைகளை எண்ணத் தொடங்கினார்.

மறுநாள் மருத்துவரிடம் பவர் அக்காவே எல்லாவற்றையும் ஒப்பித்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தார். மருத்துவரோ, "உங்க அறையில கண்மணியை விரிக்கற சொட்டு மருந்து விடுவீங்களா?" என்று கேட்டார்.

"நாங்க விடறதில்லம்மா. ஆஸ்பத்திரியில விட்டுட்டு நேரா எங்ககிட்ட வருவாங்க. அன்னைக்குச் சோதிக்க மாட்டேன், போயிட்டு நாளைக்கு வாங்கன்னு அனுப்பிடுவேன். மருந்து கண்ணுல இருக்கற வரைக்கும் எந்த நம்பரும்..."

அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஆண்டுக்கு நூறு பேரையாவது அப்படித் திருப்பி அனுப்பியவர் அவர்.

"இந்த மாத்திரை ஏறவும் வாரக்கணக்காகும், இறங்கவும் வாரக்கணக்காகும். ஒரு வாரத்துச் சோதனையில ஒண்ணும் தெரியாது. என்கிட்டச் சொல்லாம இனிமே நிறுத்தாதீங்க" என்றார் மருத்துவர்.

"அப்போ மாத்திரைதான் என்னைச் சரியாக்கினது. நடையும் பேச்சும் இல்ல. அப்படித்தானே?"

"அப்படியும் சொல்ல மாட்டேன். மூணும் சேர்ந்து இருக்கலாம். நடையை ஒரு வாரம் விட்டதுலயும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"இருக்கலாம், இருக்கலாம்னா எப்படிம்மா? நான் ஒருத்தருக்கு, 'இந்தக் கண்ணாடி சரியா இருக்கலாம்'னு எழுதிக் கொடுத்தா நீங்க வாங்குவீங்களா?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "வாங்க மாட்டேன். ஆனா என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்."

வீடு திரும்பும் வழியெங்கும் பவர் அக்காவுக்கு அந்தப் பதிலின்மேல் கோபமாக இருந்தது. படுக்கையில் கிடந்த நாள்களில் கோபம்கூட வந்ததில்லை என்பது அவருக்கு உடனே தோன்றவில்லை.

மறுநாள் விடியலில் தமக்கை ஷூவோடு வந்தார். ஒரு கையில் தண்ணீர்ப் புட்டி. மறு கையை நீட்டினார். உள்ளங்கையில் மாத்திரை இருந்தது.

"இந்தா. உன் வீட்டுக்காரருக்கு இன்னைக்குச் சீக்கிரமே வேலையாம், என்கிட்டக் கொடுத்துட்டுப் போயிட்டார். நடந்துகிட்டே விழுங்காதே, புரையேறும். நின்னு விழுங்கு. வாயைத் திற, பாக்கறேன்."

"அக்கா, நான் என்ன உன் ஹாஸ்டல் பொண்ணா?"

"அதுங்க உன்னைவிடத் தேவலை. திற."

இப்படியே வாரங்கள் சென்றன. சில நாள்கள் நன்றாக இருந்தன. சில, காரணம் சொல்லாமல் கவிழ்ந்தன. மாலைதோறும் கணவர், "இன்னைக்குத் தேவலையா, நேத்துத் தேவலையா?" என்று கேட்பார். பவர் அக்காவுக்கு அந்தக் கேள்வியே அலுத்துவிட்டது. தம் நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கும் இப்படித்தான் அலுத்திருக்குமோ என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தார்.

ஆறாம் மாதத்தின் கடைசி வாரத்தில் அவர் கடைக்குச் சென்றார். "இன்னைக்கு ஒரு ஆளு மட்டும் பாரு. பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார் கடைக்காரர். உள்ளறையில் காத்திருந்தவர் அந்தப் பேருந்து ஓட்டுநர். கால் உடைந்த பழைய கண்ணாடியைப் பசைநாடாவால் ஒட்டிப் போட்டிருந்தார்.

"அந்த நுரைக் கண்ணாடிக்குப் பதிலா வேற செஞ்சுக்கலையா நீங்க?"

"வந்தேன். நீங்க இல்லன்னாங்க. அந்தப் புது ஆளு படபடன்னு கேக்கறார்க்கா, எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி ஆயிடுச்சு. இதையே ஒட்டிப் போட்டுக்கிட்டேன்."

பவர் அக்கா சட்டத்தை அவர் மூக்கில் ஏற்றினார். முதல் லென்ஸ், இரண்டாவது லென்ஸ். ஒவ்வொரு முறையும் எது முதலாவது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். முன்னர் பத்து நிமிடத்தில் முடித்த வேலை அரை மணி நேரத்துக்கு நீண்டது. கடைசியில் ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். "மன்னிச்சுக்கோங்க. ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு."

"மன்னிப்பு எதுக்கு? கண்ணை மூடிக்கோங்க. அவசரமில்ல."

நிலைக்கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தைப் பவர் அக்கா பார்த்தார். தெளிந்த முகமா, களைத்த முகமா என்று சொல்ல முடியவில்லை. பிறகு மீண்டும் கேட்டார். ஓட்டுநர் கண்ணைத் திறந்து, நன்றாக உற்றுப் பார்த்து, அதே பதிலைச் சொன்னார். எனவே, இதுதான் இடம். சீட்டில் கழித்தல் குறியிட்டார். மூன்று முறை சரிபார்த்து, ஓட்டுநரிடமே காட்டி, "இது கோடு ஒண்ணுதானே? குறுக்க எதுவும் இல்லையே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "நாளைக்கு ரெண்டு ஆளு" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் கணவர் வழக்கம்போலக் கேட்டார். "இன்னைக்குத் தேவலையா, நேத்துத் தேவலையா?"

பவர் அக்கா கைப்பையை ஆணியில் மாட்டினார். "ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு."

"அப்படின்னா நல்லதா, கெட்டதா?" கணவரின் முகம் வாடியது.

"தெரியல. சரியான இடத்துக்கு வந்திருக்கலாம். வெறும் களைப்பாவும் இருக்கலாம்."

"அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துட்டு, மறுபடியும் கேக்கணும்."

"சரி, எப்பக் கேக்கட்டும்?"

"நாளைக்குக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, விடியற்காலை நடைக்கு வேண்டிய ஷூவை அவர் கதவருகே எடுத்து வைத்தார்.